சூரியப் புள்ளிக்குக் காத்திருந்த நாட்கள்

யுத்தம் தொடங்குவதற்கு மூன்று வருஷம் முன்பு நானும் என் வீட்டுக்காரரும் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு பாறைக் குன்றின் மேல் குடியேறினோம். அங்கே மதராஸ் கல்லூரி ஒன்றில் பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தன் சொந்தச் செலவில் ஆராய்ச்சி நிலையம் கட்டியிருந்தார். நிலையம் என்று சொன்னால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அறை, ஒரு சமையல் சாய்ப்பு, தண்டவாளம் போன்ற இரும்புப் பட்டையில் தள்ளினால் நகரும் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் பித்தளைக் குழாய் வைத்த தொலைநோக்கி. வெளியே இரண்டு பனங்கட்டைகளுக்கு நடுவே ரேடியோவுக்காக இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி.

சூரியனில் கரும்புள்ளிகள் கூடும் நாட்களில் தூர தேசத்து ரேடியோக்கள் ஏன் திடீரென்று மங்கிப்போகின்றன என்பது பேராசிரியரின் கேள்வி. அதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ரேடியோவைக் கேட்க ஒருவர், சூரியனை வரைய ஒருவர்.

என் வீட்டுக்காரர் விழுப்புரம் ஜங்ஷனில் தந்தி குமாஸ்தாவாக இருந்தவர். சம்பளத்தை எல்லாம் வால்வுக்கும் கம்பிச்சுருளுக்கும் செலவழித்துத் தானே ஒரு ரேடியோ செட் கட்டி, லைசென்ஸ் வாங்கி, கொழும்பிலும் ரங்கூனிலும் இருந்த முகம் தெரியாத மனிதர்களோடு தந்தி மொழியில் பேசிக்கொண்டிருந்தவர். நான் திண்டிவனத்து மிஷன் பள்ளியில் சித்திரம் சொல்லிக்கொடுத்தேன். என் அம்மாவும் அப்பாவும் நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் கூலி. எங்கள் சேரியில் எழுத்துப் படித்த முதல் பெண் நான். பேராசிரியர் எதையும் விசாரிக்கவில்லை. என் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, வெள்ளைத் தாளில் விழுந்த சூரிய பிம்பத்தைக் காட்டி, "இதில் இருப்பதை மட்டும் போடு, இல்லாததைப் போடாதே" என்றார். போட்டேன். வேலை கிடைத்தது.

சூரியனைத் தொலைநோக்கி வழியாகக் கண்ணால் பார்க்கக்கூடாது, கண் போய்விடும். குழாயின் பின்னால் ஒரு பலகையில் தாளைப் பொருத்தினால் சூரியன் அதில் தட்டு அளவுக்கு விழும். அதன் மேலுள்ள புள்ளிகளைப் பென்சிலால் அப்படியே எடுப்பேன். ஒரு புள்ளி கிழக்கு விளிம்பில் தோன்றி, நாளுக்கு ஒரு விரல்கடை நகர்ந்து, பதின்மூன்று பதினாலு நாளில் மேற்கு விளிம்பில் மறையும். அழியாமல் இருந்தால் இன்னொரு பதின்மூன்று பதினாலு நாள் கழித்து மறுபடி கிழக்கில் வரும். முதல் தடவை அப்படித் திரும்பி வந்த புள்ளியைப் பார்த்தபோது, ஊருக்குப் போன ஆள் வந்துவிட்டதுபோல வீட்டுக்காரரைக் கூவிக் கூப்பிட்டேன்.

யுத்தம் அறிவித்ததும் அமெச்சூர் லைசென்ஸ்கள் எல்லாம் ரத்து, செட்டுகளை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வீட்டுக்காரர் தான் கட்டிய, செய்தி அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றி, போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கி வந்தார். கேட்கும் ரேடியோவுக்கு மட்டும் பேராசிரியர் தனியாக அனுமதிக் கடிதம் வாங்கிக்கொடுத்தார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை.

சில மாதம் கழித்துக் கேப்பைப் பானையில் கை விட்டபோது அடியில் ஏதோ தட்டுப்பட்டது. துணியில் சுற்றிய ஒரு பித்தளைச் சாமான். தந்தி அடிக்கும் கீ. விழுப்புரத்தில் இருந்த நாள் முதல் அவர் விரல் பட்டுத் தேய்ந்த கீ.

"இதை ஏங்க குடுக்கல?"

"அது வெறும் பித்தளை. அதால பேச முடியாது."

"போலீஸ்காரனுக்கு அது தெரியுமா?"

அவர் அதைத் திரும்பப் பானைக்குள் வைத்தார். அன்று பிடித்த பயம்தான். கீழே ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்டால் முதலில் பானையைப் பார்ப்பேன்.

யுத்தம் தொடங்கி மூன்றாவது வருஷம் பங்குனிக் கடைசியில் ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டான் என்று செய்தி வந்தது. அடுத்தது மதராஸ் என்றார்கள். மதராஸ் காலியாகத் தொடங்கியது. தெற்கே போகும் வண்டிகளின் படியிலும் கூரையிலும் ஜனம் தொங்கியது. திண்டிவனத்துச் சத்திரங்களில் இடம் இல்லை. மரத்தடிகளில் பெட்டியும் பாயுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியரும் குடும்பத்தோடு வடக்கே எங்கேயோ போய்விட்டார். நாங்கள் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை.

அந்த வாரம் வீட்டுக்காரர் ரேடியோவில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பானையிலிருந்து கீயை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு குன்றின் பின்புறம் போனேன். கல் உடைத்த பள்ளத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கியிருக்கும். அதில் போட்டேன். சின்னச் சத்தம்தான். அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நாட்கள் போயின.

குன்றின் கீழே இருந்த ஊரிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அக்கா ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குடம் இல்லாமல் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"டீச்சரம்மா, ஜல்தியா உள்ள இருக்கறத ஒழுங்கு பண்ணு. போலீசு வந்துக்கினு இருக்குது."

"எதுக்குக்கா?"

"மதராசுலேர்ந்து ரயில்ல வந்தவங்க பார்த்தாங்களாம். தினம் காலைல மலை மேல கண்ணாடி காட்டுறாங்க, ஜப்பான்காரனுக்கு வழி சொல்றாங்கன்னு ஊரு பூரா பேச்சு."

எனக்கு உடனே புரிந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு நான் தகரக் கூரையைத் தள்ளுவேன். தள்ளும்போது அதில் வெயில் பட்டுப் பளிச்சென்று மின்னும். ஆறு வருஷமாக மின்னிக்கொண்டுதான் இருந்தது. பயந்த கண்கள் இப்போதுதான் அதைப் பார்த்திருக்கின்றன.

இன்ஸ்பெக்டரும் மூன்று கான்ஸ்டபிள்களும் ஏறி வந்தார்கள். இன்ஸ்பெக்டர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "சோதனை போடணும்" என்றார். பாயை உதறினார்கள். பைபிளைப் பக்கம் பக்கமாகப் பிரித்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் சமையல் சாய்ப்புக்குள் போய்ப் பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான்.

என் வீட்டுக்காரரின் முகத்தை அப்போது பார்த்தேன். உதடு வெளுத்துப்போயிருந்தது. கண் அந்தக் கேப்பைப் பானை மேலேயே இருந்தது. அதில் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியாது. சொல்லவும் எனக்கு வழி இல்லை. நான் அவர் பக்கம் திரும்பி லேசாகத் தலையை ஆட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார்.

"இன்னா ஜாடை?"

"ஒண்ணும் இல்லீங்க ஐயா."

"அந்தப் பானையைக் கொட்டு" என்றார் அவர். கான்ஸ்டபிள் தரையில் கொட்டிக் காலால் பரப்பினான். வெறும் கேப்பை. என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த உட்காரல்தான் எங்களுக்கு வினையாகப் போயிற்று. குற்றம் இல்லாதவன் இப்படிச் சாய்வானா என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பிறகு அலமாரியைத் திறந்தார்கள். ஆறு வருஷத்துச் சூரியன்கள் அதில் அடுக்கியிருந்தன. வட்டம், வட்டத்துக்குள் புள்ளிகள், ஓரத்தில் தேதி, மணி, எண்கள். பக்கத்தில் வீட்டுக்காரரின் நோட்டுகள். கால்மணிக்கு ஒருமுறை ரேடியோ எவ்வளவு பலமாகக் கேட்டது என்று ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள், பக்கம் பக்கமாக. இன்ஸ்பெக்டர் ஒரு சூரியனையும் ஒரு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது எந்த ஊரு மேப்பு?"

"மேப்பு இல்லீங்க. சூரியன். அதுல இருக்கிற கரும்புள்ளிங்க."

"சூரியன்ல புள்ளியா? யாரு போட்டது?"

"நான்தான் போட்டேங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்த ஊரு? யாரு மவ?"

சொன்னேன். என் ஊரைச் சொன்னதும் தெருவையும் கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. "சரி, காட்டு. அந்தப் புள்ளியை இப்ப எனக்குக் காட்டு" என்றார்.

கூரையைத் தள்ளினேன். குழாயைச் சூரியன் பக்கம் திருப்பினேன். தாளில் பிம்பம் விழுந்தது. வட்டமாக, சுத்தமாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் விழுந்தது.

அது எனக்கு முன்பே தெரியும். பத்து நாளாகச் சூரியன் வெறுமையாகத்தான் இருந்தது. அந்த வருஷங்களில் புள்ளிகள் குறைந்துகொண்டு வந்தன. சில நாள் ஒன்றுமே இருக்காது. இன்ஸ்பெக்டர் அந்த வெள்ளை வட்டத்தைக் குனிந்து பார்த்தார்.

"எங்க புள்ளி?"

"இன்னைக்கு இல்லீங்க ஐயா. ஒரு கூட்டம் மேற்கால பக்கம் போயி மறைஞ்சிடுச்சு. சூரியன் சுத்துது. பின்னாடி இருக்குது. திங்கக்கிழமை கிழக்கு விளிம்புல வரும்."

"நீ சொன்னா வருமா?"

ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டு, கிழக்கு விளிம்பில் பென்சிலால் குறித்துக் காட்டினேன். திங்கள் என்று எழுதினேன். அவர் அதை வாங்கிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு என் வீட்டுக்காரரை எழுப்பிக் கையில் விலங்கு மாட்டினார்கள். ரேடியோ, நோட்டுகள், படங்கள் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டார்கள். தொலைநோக்கி தரையில் புதைத்த கல்தூண் மேல் திருகி முடுக்கியிருந்ததால் விட்டுவிட்டார்கள்.

புள்ளி அழியாமல் இருந்தால்தான் திரும்பி வரும். இதை நான் இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை. பாதிப் புள்ளிகள் பின்பக்கத்திலேயே கரைந்துபோகும். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தத் தாளின் முன் உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குப் போகவில்லை. கர்த்தரே, அதை அழித்துவிடாதேயும் என்று ஒரு புள்ளிக்காக ஜெபித்த பெண் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

கீழிருந்து யாரோ கல் எறிந்தார்கள். தகரத்தில் பட்டு உருண்டது. தண்ணீர் கொண்டுவந்த அக்கா அதற்குப் பிறகு என்னைத் தனியாக விடவில்லை. "உன்னாண்ட சேர்ந்தா எனக்கும் பேஜாருதான், ஆனா இன்னா செய்ய, உன்ன பார்த்தா பாவமா இருக்குது" என்று சொல்லிவிட்டு வாசலில் குந்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார். கிழக்கு விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் தெரிந்தன. புள்ளிக்கு முன்னோடியாக அவை வருவது வழக்கம். எனக்கு உயிர் வந்தது. அவருக்குக் காட்டினேன். அவர் தாளைத் துடைத்துப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே."

"நாளைக்குத் தெரியும் ஐயா. நிச்சயமா."

"நாளைக்கு அவன் இங்க இருக்க மாட்டான். விழுப்புரத்துக்கு ரகசியப் போலீஸ் ஆபீசர் வந்திருக்காரு. காலை வண்டிக்கு ஏத்தறோம். அவரு பாடு, உங்க பாடு." இறங்கும்போது நின்று, "நான் ஏதோ கெட்டவன்னு நினைக்காத. ஊரு இருக்கிற இருப்புல இவ்வளவு நாள் வெச்சிருந்ததே பெருசு" என்றார்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குக் கூரையைத் தள்ளினேன். விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு கறுப்பு. எள்ளைப் பாதியாக்கியது போல. தூசியாக இருக்குமோ என்று குழாயின் பின்முனைக் கண்ணாடியைத் திருகினேன். தூசியாக இருந்தால் கூடவே சுற்றும். அது சுற்றவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

கீழே ஓடி யாரிடம் சொல்வது? படம் வரைந்து எடுத்துப் போனால் அதுவும் இன்னொரு படம்தானே. திருகுகளை அவிழ்த்துத் தொலைநோக்கியைக் கல்தூணிலிருந்து கழற்றினேன். மூன்று வயதுக் குழந்தை கனம் இருக்கும். பழைய புடவையில் சுற்றினேன். அக்கா ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டு திண்டிவனம் ஸ்டேஷன் வரை நடந்தோம். என் வீட்டுக்காரரை ஏற்றிய வண்டி போய்விட்டிருந்தது. அடுத்த வண்டியில் நிற்க இடம் இல்லை. ஏறும்போது நெரிசலில் புடவை விலகிப் பித்தளைக் குழாய் தெரிந்தது.

"ஐயோ, பீரங்கி!" என்று ஒரு பெண் அலறினாள். பெட்டி முழுக்க ஒரே கூச்சல். ஒருவன் என் தலைமயிரைப் பிடித்தான். மற்றொருவன் குழாயைப் பிடுங்க இழுத்தான். அது கீழே விழுந்தால் கண்ணாடி போயிற்று, என் வீட்டுக்காரரும் போனார் என்று நான் அதன் மேல் படுத்துக்கொண்டேன். முதுகில் அடி விழுந்தது.

அக்காவின் குரல்தான் காப்பாற்றியது. "பீரங்கியா இது? கோயில் எக்காளம்யா, எக்காளம்! திருவக்கரைக் காளிக்கு எடுத்துக்கினு போறோம். தொட்டுப் பாரு, கை இருக்குதா பார்க்கலாம்!"

கைகள் விலகின. விழுப்புரம் வரை ஒருவரும் எங்களைத் தொடவில்லை. மாதா கோயிலுக்குப் போகிற நான் காளியின் பெயரில் தப்பித்ததற்கு இன்றுவரை வெட்கப்பட்டதில்லை.

விழுப்புரத்தில் ஆபீசர் பிளாட்பாரத்தை ஒட்டிய வெயிட்டிங் ரூமில் இருந்தார். மெலிந்த மனிதர், களைத்த கண்கள். என் படங்கள் மேஜை மேல் பரப்பியிருந்தன. மூலையில் என் வீட்டுக்காரர் விலங்கோடு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசியதை ஆபீசர் முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து வெளியே வந்து, "எங்கே, வை" என்றார்.

சாமான் தள்ளும் வண்டியில் இரண்டு டிரங்குப் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் குழாயைக் கிடத்தினேன். சுற்றிலும் கூட்டம். என் கை நடுங்க, சூரியன் தாளில் இங்கும் அங்கும் குதித்தது. புள்ளி எது, நிழல் எது என்று எனக்கே தெரியவில்லை.

"நான் பிடிக்கிறேன்" என்றார் என் வீட்டுக்காரர். ஆபீசர் தலையசைத்தார். விலங்கு மாட்டிய இரண்டு கையாலும் குழாயை அணைத்துப் பிடித்தார். எத்தனையோ வருஷம் தந்தி அடித்த கை. பிம்பம் அப்படியே நின்றது. கிழக்கு விளிம்பில் அந்த எள்.

ஆபீசர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அழுக்கா இருக்கலாம்."

"அந்தக் கண்ணாடியைத் திருகிப் பாருங்க ஐயா. அழுக்கு சுத்தும். இது சுத்தாது."

தானே திருகினார். இரண்டு தூசிகள் சுற்றின. புள்ளி நின்றது. இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்ட தாளை வரவழைத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இதுல திங்கள்னு இருக்கே. இன்னைக்குச் செவ்வாய்."

"ஓரத்துல இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாதுங்க. நான் ஒரு நாள் தப்பாச் சொல்லிட்டேன்."

"நாளைக்கு எங்க இருக்கும்?"

குறித்துக் கொடுத்தேன். "அப்போ நாளைக்கும் பார்க்கலாம்" என்று உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை அதே டிரங்குப் பெட்டிகள், அதே விலங்குக் கைகள். புள்ளி நான் குறித்த இடத்துக்கு நகர்ந்திருந்தது. பின்னால் இன்னும் இரண்டு சின்னப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. ஆபீசர் தன் பென்சிலால் அவற்றைத் தாளில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இதெல்லாம் நிஜமாவே அங்க இருக்கா?" என்று கேட்டார். போலீஸ்காரர் கேட்டதுபோல இல்லை அது.

விலங்கைக் கழற்றினார்கள். படங்களையும் நோட்டுகளையும் திருப்பித் தந்தார்கள். ரேடியோ யுத்தம் முடியும் வரை அவர்களிடமே இருக்கும். கம்பியை இறக்க வேண்டும். வாரம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தகரக் கூரைக்குச் சாணம் பூச வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றோம்.

திண்டிவனத்திலிருந்து நடக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "பானையில இருந்தது எங்க?"

"கல்லுப் பள்ளத்துல. போலீசு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே போட்டுட்டேன்."

நின்றுவிட்டார். அக்கா நாசூக்காக முன்னே நடந்தாள். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ரோட்டு ஓரமாகக் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கீ போனதற்கா, தான் சாகாமல் பிழைத்ததற்கா என்று நான் கேட்கவில்லை. பிறகு எழுந்து, குழாயில் என் பக்கத்து முனையையும் தானே வாங்கிக்கொண்டார்.

பேராசிரியரின் கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது. சூரியனை விடாமல் வரையும்படி எழுதியிருந்தார். யுத்தம் முடியும் வரை வரைந்தேன். சாணம் பூசிய கூரை மின்னவில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் அதைத் தள்ளும்போது ரயில் பாதையைப் பார்க்காமல் தள்ள முடிந்ததில்லை. வண்டி வந்தால் அது போகும் வரை குனிந்து நிற்பேன்.

யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்து ரேடியோ வந்து சேர்ந்தது. உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. ஒரு மாதம் உட்கார்ந்து அதைச் சரி செய்தார். கடைசியில் ஒரு மத்தியானம் அதற்குள்ளிருந்து சலசலப்பு எழுந்து, எங்கிருந்தோ ஒரு தந்திச் சத்தம் மெல்லிதாகக் கேட்டது. அவர் தலையைச் சாய்த்து, ஒவ்வொரு எழுத்தாக உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். வேண்டாம், திற என்றார் அவர். திறக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.